கோத்தகிரி கடையில் மூன்று பழைய கணினி: மாற்றலாமா, இன்னும் ஓட்டலாமா?

நகல்கடை_கோத்தகிரி

வணக்கம். கோத்தகிரியில் ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம் என்று ஒரு சின்னக் கடை நடத்துகிறேன். கடையில் மூன்று கணினி. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14உடன் அப்டேட் நின்றுவிடும் என்று திரையில் வந்தபோதெல்லாம் அதை மூடிவிட்டு வேலையைப் பார்த்தேன். தை பிறந்தாயிற்று, இனியும் தள்ள முடியாது.

முதல் மெஷின் ஐ3 நான்காம் தலைமுறை பிராசஸர், 4 ஜிபி ராம், பழைய ஹார்ட் டிஸ்க். டேலி கணக்கு மென்பொருள், ஜிஎஸ்டி, பேங்க் வேலை எல்லாம் இதில்தான். காலையில் ஆன் செய்துவிட்டு டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தால் தயாராக இருக்கும். இரண்டாவது ஐ5 எட்டாம் தலைமுறை, 8 ஜிபி, எஸ்எஸ்டி. ஏதோ கம்பெனி கழித்துப் போட்டதை வாங்கியது. பட்டா, சிட்டா, வில்லங்கம், டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், கைரேகை மெஷின் எல்லாம் இதில். இதிலும் விண்டோஸ் 11க்குத் தகுதி இல்லை என்றே வருகிறது. மூன்றாவதில் இன்னும் விண்டோஸ் 7. பக்கம் வடிவமைக்கிற பழைய பேஜ்மேக்கர் மென்பொருளுக்காகவே வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, படுகர்களின் ஹெத்தை பண்டிகை நோட்டீஸ், கருமாதி கார்டு என்று பாமினி எழுத்துருவில் அடித்து வைத்த ஃபைல் ஏராளம்.

கோவையில் விசாரித்த கடைக்காரர் மூன்றையும் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் புதிதாக வாங்கச் சொல்கிறார். மகன் மூன்றிலும் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போடலாம் என்கிறான். வீட்டுக்காரர், ஓடுகிறவரை ஓட்டு என்கிறார். பச்சைத் தேயிலை விலை இருக்கிற இருப்பில் கடைக்கு வருகிறவர்கள் கையை இறுக்கித்தான் செலவு செய்கிறார்கள், நானும் அப்படித்தான். என்ன செய்யலாம்?

காந்தல்_தம்பி

மூன்றிலும் லினக்ஸ் மிண்ட் போட்டுவிடுங்கள் அக்கா. காசு கிடையாது, வைரஸ் தொல்லையும் குறைவு. உங்கள் மகன் சொல்வதுதான் சரி.

குன்னூர்_சர்வீஸ்

தம்பி, டேலி இருக்கிறது என்று அக்கா எழுதியதைப் படித்தீர்களா?

அக்கா, முதலில் அந்த ஐ5 மெஷினைப் பார்ப்போம். அதை மாற்றவே தேவையில்லை என்று நினைக்கிறேன். இன்டெல் எட்டாம் தலைமுறை மைக்ரோசாஃப்டின் பட்டியலில் வந்துவிடும். ராம் 4 ஜிபி, டிஸ்க் 64 ஜிபி இருந்தால் போதும் என்கிறார்கள், உங்களிடம் அதற்கு மேலேயே இருக்கிறது. அப்படியும் தகுதி இல்லை என்று வந்தால் பெரும்பாலும் காரணம் இரண்டுதான். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, மெஷின் ஆன் ஆகும்போது முதலில் ஓடுகிற பயாஸ் அமைப்பில் அணைந்து கிடக்கும். இல்லையென்றால் விண்டோஸை யாரோ யுஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறைக்குப் பதில் பழைய லெகசி முறையில் போட்டிருப்பார்கள். பழைய ஆபீஸ் மெஷின்களைக் கைமாற்றும்போது அவசரத்தில் அப்படிப் போட்டுவிடுவது சகஜம்.

விண்டோஸ் பட்டனோடு ஆர் சேர்த்து அழுத்தி, வருகிற பெட்டியில் டிபிஎம்.எம்எஸ்சி என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். டிபிஎம் கிடைக்கவில்லை என்று வந்தால் பயாஸுக்குள் போய் இன்டெல் பிடிடி என்பதை ஆன் செய்ய வேண்டும். இதற்காகத் தனிச் சில்லு எதுவும் வாங்க வேண்டாம்.

லெகசி என்றால் டிஸ்க்கைப் பிரித்து வைக்கிற முறையைப் பழைய எம்பிஆரிலிருந்து புதிய ஜிபிடிக்கு மாற்ற வேண்டும். எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி விண்டோஸ் 10க்குள்ளேயே இருக்கிறது, ஃபார்மட் செய்யாமலே மாற்றிக் கொடுக்கும். முதலில் வேலிடேட் கொடுத்துச் சரிபார்த்துவிட்டு அப்புறம் கன்வர்ட் கொடுங்கள். மாற்றி முடித்ததும் பயாஸில் யுஇஎஃப்ஐ என்று மாற்றினால்தான் பூட் ஆகும். இதை மறந்துவிட்டு, டிஸ்க் போய்விட்டது என்று சிபியுவைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. எல்லா ஃபைலையும் வெளி டிஸ்க் ஒன்றில் எடுத்து வைத்த பிறகே கை வையுங்கள். காற்றும் மழையுமான நாளில் வேண்டாம். நடுவில் கரண்ட் போனால் கதை முடிந்தது.

ஊட்டி_கணக்கர்

கோவைக்காரர் சொன்னதை விடுங்கள். மூன்று மெஷினில் இன்றைக்கு ஆபத்தானது முதலாவதுதான். ஊர்க்காரர்களின் ஜிஎஸ்டி பாஸ்வேர்டு, பேங்க் லாகின் எல்லாம் அப்டேட் நின்றுபோன விண்டோஸில் கிடக்கிறது. விண்டோஸ் 7 மெஷின் அதைவிடப் பழையதுதான், ஆனால் நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டால் அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

ஆகவே மெஷின் வாங்குவதற்கு முன் வேலையை இடம் மாற்றுங்கள். ஐ5இல் விண்டோஸ் 11 ஏறியதும் டேலியும் ஜிஎஸ்டியும் அங்கே போகட்டும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: ஐ3இல் டேலி லைசென்ஸை சரண்டர் செய்துவிட்டு அப்புறம் ஐ5இல் ஆக்டிவேட் செய்யுங்கள். அதற்கு முன்பே ஐ3ஐ ஃபார்மட் செய்துவிட்டால் லைசென்ஸை மீட்க வீணாக அலைய வேண்டிவரும். டேலி பேக்கப் எடுத்தால் அதை ஐ5இல் ரீஸ்டோர் செய்து, போன மாதத்து இருப்பு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே பழையதைத் தொடவும்.

டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்து) டோக்கன் வைத்து ஃபைல் செய்கிற கம்பெனி, எல்எல்பி வாடிக்கையாளர் யாராவது இருந்தால் அந்த டோக்கன் டிரைவரின் புதிய பதிப்பை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். தனி வியாபாரிகளுக்கு ஓடிபி போதும், அங்கே சிக்கல் இல்லை. மாதம் 20ஆம் தேதி நெருங்கும்போது இந்த வேலை எதையும் தொடங்கவே தொடங்காதீர்கள். ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் ஃபைல் செய்து முடித்த மறுநாள் நல்ல நாள்.

லினக்ஸ் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் டேலி விண்டோஸுக்கென்று செய்தது. கைரேகை மெஷினுக்கான ஆர்டி சர்வீஸ் என்ற மென்பொருளும் பெரும்பாலும் விண்டோஸுக்கும் ஆண்ட்ராய்டுக்கும்தான் கிடைக்கும். அதைக் கேட்காமல் லினக்ஸ் போட்டால் கடை வாசலில் வரிசை நிற்கும், உள்ளே வேலை நடக்காது.

காந்தல்_தம்பி

சரி சார், கைரேகையை நான் யோசிக்கவில்லை. ஆனால் ஐ3இலேயே தகுதிச் சோதனையைத் தாண்ட வைக்கிற ருஃபஸ் கருவியை வைத்து விண்டோஸ் 11 போடலாமே? என் வீட்டில் அப்படித்தான் ஓடுகிறது.

குன்னூர்_சர்வீஸ்

போடலாம், ஓடவும் செய்யும். ஆனால் அப்படிப் போட்ட மெஷினுக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. வருடத்துக்கு ஒரு பெரிய பதிப்பு வருகிறதே, அது தானாக இறங்காமல் நாமே மறுபடி கையால் போட வேண்டியிருக்கும். வீட்டில் படம் பார்க்க என்றால் சரி தம்பி. அக்கா கடைக்கு வேண்டாம்.

ஐ3க்கு வேறு வழி இருக்கிறது. விண்டோஸ் 10க்கே ஒரு வருட நீட்டிப்பு தருகிறார்கள், இஎஸ்யு என்று பெயர். 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் வரும். 30 டாலர் கட்டலாம், அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை அவர்கள் கிளவுடில் சேமிக்கச் சம்மதித்தால் காசில்லாமலே கிடைக்கும். விண்டோஸ் 10இன் 22எச்2 பதிப்பில் இருக்க வேண்டும். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேர்வதற்கான பட்டன் வரும்.

ஊட்டி_கணக்கர்

அது வீட்டு உபயோகத்துக்கான திட்டம் என்பதையும் சொல்லிவிடுங்கள். நிறுவனங்களுக்கு முதல் வருடமே மெஷினுக்கு 61 டாலர், அடுத்தடுத்த வருடம் இரண்டிரண்டு மடங்கு. அந்தக் காசுக்கு அந்த ஐ3 தகுதியா என்று அக்காதான் முடிவு செய்ய வேண்டும். நான் என்றால் செலவழிக்க மாட்டேன்.

ஆபீஸ் 2016, 2019 இரண்டுக்கும் அதே 2025 அக்டோபர் 14இல்தான் ஆதரவு முடிந்தது. கடையில் எந்த ஆபீஸ் என்று சொல்லவில்லையே. லிப்ரெஆபீஸ் போதுமென்றால் அங்கேயே ஒரு செலவு மிச்சம்.

கூடலூர்_டிடிபி

எல்லோரும் ஐ5, ஐ3 என்றே பேசுகிறீர்கள். எனக்குக் கவலை அந்த மூன்றாவது மெஷின்தான். நானும் அந்தக் காலத்து பேஜ்மேக்கர் ஆள். பேஜ்மேக்கர் 7 வந்தது 2001இல், அதற்குப் பிறகு புதிய பதிப்பே கிடையாது. எல்லா மெஷினிலும் படிக்க முடிகிற தமிழ் யூனிகோடு அதற்குத் தெரியாது. பாமினி போன்ற எழுத்துரு இல்லாத மெஷினில் அந்த ஃபைல்களைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். இருக்கிற ஹார்ட் டிஸ்க் போய்விட்டால், அக்கா, உங்கள் பத்திரிகை டிசைன் அத்தனையும் போயிற்று.

ஆகவே இந்த வாரமே செய்ய வேண்டியது, அந்த டிஸ்க்கை அப்படியே ஒரு பிரதி எடுப்பது. எழுத்துரு ஃபோல்டரையும் பேஜ்மேக்கர் நிறுவும் சிடியையும் சேர்த்து வையுங்கள், சிடியை மட்டும் தொலைத்துவிட்டுத் தேடுகிறவர்கள் நிறைய. அப்புறம் அடிக்கடி கேட்கிற நோட்டீஸ்களை எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப்பாக மாற்றி வையுங்கள். டிஸ்க்2விஎச்டி என்று மைக்ரோசாஃப்ட்டின் இலவசக் கருவி ஒன்று உண்டு. அதில் முழு மெஷினையும் ஒரே ஃபைலாக எடுத்துவிட்டால், நாளைக்கு மதர்போர்டு போனாலும் ஐ5இல் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளுக்குள் அதை ஓட்டிப் பார்க்கலாம்.

புதிய வேலையை இனிமேல் பாமினியில் அடிக்காதீர்கள். தமிழக அரசே 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற செய்தி யூனிகோடில்தான் வருகிறது, அதை மறுபடி உட்கார்ந்து பாமினியில் அடிக்கிற நேரம் மிச்சம். லேஅவுட்டுக்கு ஸ்கிரைபஸ் 1.6 இருக்கிறது, இலவசம், தமிழை ஒழுங்காகக் காட்டும். பேஜ்மேக்கரில் பழகிய கைக்கு முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும்.

நகல்கடை_கோத்தகிரி

இவ்வளவு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. கூடலூர் அண்ணா, என்னிடம் வேலை பார்க்கிற பெண் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள். பழைய டைப்ரைட்டர் முறையில்தான் கை ஓடும். யூனிகோடு என்றால் தமிழ் 99 விசைப்பலகையைப் புதிதாகக் கற்க வேண்டுமே?

கூடலூர்_டிடிபி

தேவையே இல்லை. என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை என்ற தட்டச்சு மென்பொருள் இரண்டிலும் பழைய டைப்ரைட்டர் விசைப்பலகை உண்டு, யூனிகோடில் அதே விரலோட்டத்தில் அடிக்கலாம். பாமினி விசைப்பலகையும் இருக்கிறது. தமிழ் 99 மட்டும் போதும் என்கிறவர்களுக்கு 2019 மே அப்டேட்டிலிருந்து விண்டோஸிலேயே வந்துவிட்டது. அந்தப் பெண்ணின் வேகத்தைக் கெடுக்காதீர்கள்.

கொடை_விடுதி

பழனி மலையிலிருந்து ஒரு குரல். விண்டோஸ் 11 எல்லாம் சரி, கடையில் எர்த்திங் எப்படி? எங்கள் பக்கம் சூறைக்காற்றில் மரம் விழுந்து லைன் அறுவது மழைக்காலத்து வழக்கம். உங்கள் மாவட்டத்தில் பைக்காரா பவர்ஹவுஸ் 1932லேயே ஓட ஆரம்பித்தது என்று பெருமையாகச் சொல்வீர்கள், ஆனால் கோத்தகிரிக் கடையில் கரண்ட் நிற்பது எங்களைப் போலத்தான் என்று கேள்வி.

புது மெஷினுக்கு முன் ஒரு எலக்ட்ரீஷியனை வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் எவ்வளவு வோல்ட் என்று அளக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் போனால் எர்த் சரியில்லை. மலைச்சரிவில் பாறை மேல் கட்டிய கட்டடங்களில் எர்த் குழியைக் கடமைக்குத் தோண்டியிருப்பார்கள், கோடையில் காய்ந்து போகும். இன்னொன்று, லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ஸின் பேட்டரி பக்கத்தில் செருகாதீர்கள். சூடாகும்போது இழுக்கிற மின்சாரத்தை அந்தச் சின்ன யுபிஎஸ் தாங்காது. பனிக்காலத்தில் பேட்டரி தாங்கும் நேரமும் குறையும், அதை யுபிஎஸ் கோளாறு என்று நினைத்து மாற்ற வேண்டாம்.

காந்தல்_தம்பி

இங்கே உயரத்தால் ஹார்ட் டிஸ்க் சீக்கிரம் போகும் என்று சொல்வார்களே, உண்மையா?

குன்னூர்_சர்வீஸ்

அதில் ஒரு பாதி உண்மை. ஹார்ட் டிஸ்க்கின் ஹெட், தட்டுக்கு மேல் காற்றின் மெத்தையில்தான் மிதக்கிறது. காற்று மிகவும் லேசானால் ஹெட் தாழ்ந்து தட்டில் உரசும். ஆனால் பெரும்பாலான டிஸ்க்குகளை 3,000 மீட்டர் உயரம் வரை ஓடுகிற மாதிரிதான் செய்கிறார்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர், தொட்டபெட்டா உச்சியே 2,637. பயமில்லை. எங்களிடம் வருகிற டிஸ்க்குகள் போவதற்குக் காரணம் கரண்ட் பட்டென்று போவதும், வயதும்தான்.

ஈரம்தான் நிஜமான எதிரி. விடியற்காலை ஊட்டியில் குளிரில் கிடந்த லேப்டாப்பைப் பையில் போட்டு மேட்டுப்பாளையம் இறங்கி உடனே திறந்தால், சூடான ஈரக் காற்று உள்ளே நீர்த்துளியாகப் படியும். பைக்குள்ளேயே கொஞ்ச நேரம் விட்டு, வெளிச்சூட்டுக்கு வந்த பிறகு ஆன் செய்யுங்கள். கடையில் மூடுபனி மாதங்களில் மெஷினை நாள்கணக்கில் அணைத்தே வைக்காமல் தினமும் கொஞ்ச நேரம் ஓட விடுங்கள், உள்சூட்டில் ஈரம் போய்விடும். மூன்றாவது மெஷினுக்கு இது ரொம்ப முக்கியம், அதைத்தான் நோட்டீஸ் வந்தால் மட்டும் ஆன் செய்வீர்கள்.

மேட்டுப்பாளையம்_செகண்ட்ஸ்

நான் பழைய மெஷின் விற்கிறவன், ஆகவே என் பேச்சைக் கொஞ்சம் யோசித்தே எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக வாங்குவதற்கு இது நல்ல நேரம் இல்லை. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து ராம் விலை தாறுமாறாக ஏறியிருக்கிறது. மைக்ரான் நிறுவனம் க்ரூசியல் என்ற சில்லறை வியாபாரத்தையே விட்டுவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. எஸ்எஸ்டியும் கூடவே ஏறுகிறது. கையில் இருக்கிற 8 ஜிபியை வைத்துச் சமாளிக்க முடிந்தால் சமாளியுங்கள்.

வாங்கியே ஆக வேண்டுமென்றால், கம்பெனிகள் கழிக்கிற எட்டாம் தலைமுறை, ஒன்பதாம் தலைமுறை டெஸ்க்டாப் பாருங்கள். விலை கடைக்குக் கடை மாறும், நான் இங்கே எண் சொன்னால் யாராவது அடுத்த வாரம் அதே விலைக்குக் கேட்பார்கள். கடையிலேயே ஆன் செய்து டிபிஎம் இருக்கிறதா, விண்டோஸ் ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா, ராம் ஒரே ஸ்டிக்கா இரண்டா என்று பார்த்து வாங்குங்கள். ஆறாம் தலைமுறை, ஏழாம் தலைமுறையை விண்டோஸ் 11 போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம்.

காந்தல்_தம்பி

எனக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை. பழசையே கட்டிக்கொண்டு இருந்தால் ஊட்டி இந்து நகர் ஃபிலிம் ஃபேக்டரி கதைதான் ஆகும். உலகம் டிஜிட்டலுக்குப் போனபோது நாம் ஃபிலிம் உருட்டிக்கொண்டிருந்தோம்.

ஊட்டி_கணக்கர்

அந்த ஃபேக்டரியில் என் அப்பா வேலை பார்த்தவர் தம்பி, ஆகவே அந்தக் கதையை எங்கள் வீட்டில் அடிக்கடி பேசுவோம். அங்கே கடைசியில் ஃபிலிம் வாங்கவே ஆளில்லாமல் போனது. அக்கா கடைக்குப் பத்திரிகை அடிக்க இன்னும் ஆள் வருகிறார்கள், வேலை இருக்கிறது, கருவிதான் பழசு. இரண்டும் ஒன்றல்ல. மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் அந்த வாரம் யார் கடையைத் திறந்து வைப்பது?

பந்தலூர்_டீச்சர்

ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. எக்ஸ்சேஞ்ச் என்றால் ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்துதானே போகிறது? ஆன்லைன் விண்ணப்பம் செய்கிற கடை என்றால் ஊர் முழுவதும் கொடுத்த ஆதார் நகல், பேங்க் பாஸ்புக் முதல் பக்கம், மதிப்பெண் சான்று, ஃபோட்டோ, கையெழுத்து எல்லாம் டி டிரைவில் கிடக்கும். எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்துக்கு நாங்களும் இப்படிக் கடைகளில்தான் கொடுக்கிறோம். அந்த டிஸ்க் கோவையில் யார் கைக்குப் போகும்?

குன்னூர்_சர்வீஸ்

டீச்சர் சொன்னது நூற்றுக்கு நூறு. அக்கா, மெஷினைக் கொடுத்தாலும் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்சேஞ்சில் அதற்காகக் குறைக்கிற தொகை பெரிதாக இருக்காது. விற்றே ஆக வேண்டுமென்றால் வேறு மெஷினில் மாட்டி, க்விக் ஃபார்மட் டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் கொடுங்கள். மணிக்கணக்கில் ஓடும், ஓடட்டும். டெலிட் செய்து ரீசைக்கிள் பின்னைக் காலி செய்வது அழிப்பதே இல்லை, யார் வேண்டுமானாலும் மீட்டுவிடலாம்.

ஊட்டி_கணக்கர்

கூடவே ஒரு பழக்கம்: விண்ணப்பம் ஏற்றி ஒப்புகைச் சீட்டு கொடுத்தவுடன் அந்த ஆளின் ஃபோல்டரை அழித்துவிடுங்கள். அடுத்த முறை வந்தால் தேவைப்படும் என்று வைத்திருப்பதுதான் எல்லாக் கடையிலும் நடக்கிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023லேயே வந்துவிட்டது, விதிகளும் 2025 நவம்பரில் வெளியாயின.

நகல்கடை_கோத்தகிரி

ஐ5ஐப் பார்த்துவிட்டேன். குன்னூர் அண்ணா சொன்ன மாதிரியே பிடிடி அணைந்து கிடந்தது. ஆன் செய்ததும் டிபிஎம் 2.0 வந்துவிட்டது. டிஸ்க் ஏற்கெனவே ஜிபிடியில் இருந்தது, ஆகவே அந்த மாற்று வேலை மிச்சம். இப்போது தகுதி உண்டு என்று காட்டுகிறது, இலவசமாகவே ஏறுமாம். புது மெஷின் வாங்கச் சொன்னவர் இதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

இப்படிச் செய்யலாம் என்று இருக்கிறேன். 3பி முடிந்ததும் ஐ5இல் விண்டோஸ் 11, அப்புறம் டேலி, கைரேகை, பேங்க் எல்லாம் அங்கே. ஐ3இல் ஒரு சின்ன எஸ்எஸ்டி போட்டு லினக்ஸ் மிண்ட், மகனுக்கும் சந்தோஷம். பட்டா, வில்லங்கம், டிஎன்பிஎஸ்சி எல்லாம் பிரவுசரில் நடக்கிற வேலைதானே. இஎஸ்யு வேண்டாம். விண்டோஸ் 7 மெஷினில் நெட் கேபிளை எடுத்தாயிற்று, பிரதி எடுத்துக்கொண்டிருக்கிறேன். எலக்ட்ரீஷியன் ஞாயிறு வருகிறார். புது மெஷின் இந்த வருடம் இல்லை.

குன்னூர்_சர்வீஸ்

நல்ல ஏற்பாடு. மிண்ட் போடும் முன் உங்கள் பிரிண்டருக்கு லினக்ஸ் டிரைவர் ஒழுங்காக இருக்கிறதா என்று பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள், நிறுவாமலே சோதிக்கலாம். பழைய லேசர் மாடல் சிலவற்றில் தகராறு வரும். அப்படி வந்தால் ஐ3இல் பிடிஎஃப் ஆக்கி ஐ5 வழியாகப் பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம். விண்டோஸ் 11இல் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் டிஸ்க் தானாகவே பூட்டப்படலாம். செட்டிங்ஸில் பாருங்கள், பூட்டியிருந்தால் ரெக்கவரி கீயைப் பேப்பரில் எழுதிப் பீரோவில் வையுங்கள்.

நகல்கடை_கோத்தகிரி

சரி அண்ணா. ஐ3இல் 4 ஜிபி மிண்டுக்குப் போதுமா? பிரவுசரில் பத்து டேப் திறந்துதான் வேலை பார்ப்போம்.

குன்னூர்_சர்வீஸ்

ஓடும், ஆனால் பத்து டேபுக்குத் திணறும். நான்காம் தலைமுறைக்கு டிடிஆர்3 ஸ்டிக் வேண்டும், இப்போது விலை ஏறியிருக்கிற புது ராம் அதில் பொருந்தாது. கழித்த மெஷின்களிலிருந்து எடுத்த 4 ஜிபி ஸ்டிக் என்னிடம் இரண்டு கிடக்கிறது. மதர்போர்டில் இரண்டாவது ஸ்லாட் காலியா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள், சோதித்துவிட்டு கோத்தகிரி பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

நகல்கடை_கோத்தகிரி

காலிதான் அண்ணா. அனுப்புங்கள், எவ்வளவு என்று சொன்னால் ஜிபே செய்துவிடுகிறேன்.